ஒயினை மோந்து சொல்வதில் எது நிஜம், எது வெறும் பேச்சு?

மதுரையில் ஓட்டல் மேனேஜ்மென்ட் கடைசி வருடம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பயிற்சிக்குப் போன ஓட்டலில் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருந்தவர் ஒரு கிளாஸை மோந்துவிட்டு, "கருமிளகு, பச்சைக் குடைமிளகாய், ஈரக்கல்" என்று அடுக்கினாராம். அந்த வாரமே, வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்து நிபுணர்களை ஏமாற்றிய ஆய்வைப் பற்றி ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறார். "நான் குடிக்கிற ஆள் இல்லை. இந்த வாசனையெல்லாம் நிஜமாகவே அதில் இருக்கிறதா, இல்லை பேசத் தெரிந்தால் போதுமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, வாசனையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டு மூன்று வருடத்தையும் வீட்டுக் காசையும் இதில் போட்டால் கைக்கு ஒரு தொழில் வருமா, இல்லை அழகாகப் பொய் சொல்லத்தான் பழகுவோமா என்று யோசிக்கிறீர்கள். நியாயமான யோசனை. நான் வேதியியல் படித்தவன். நாசிக்கில் ஒரு ஒயின் ஆலையின் லேபில் ஆறு வருடம் இருந்தேன், பிறகு பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூர் ரெஸ்டாரன்ட்களில் ஒயின் பரிமாறுகிறேன். இந்தத் தொழிலில் அளந்து காட்டக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது, பழக்கத்தால் வரும் பகுதி ஒன்று இருக்கிறது, நாங்களே நம்பிக்கொண்டு பிறரையும் நம்பவைக்கும் பகுதியும் இருக்கிறது. மூன்றையும் ஒரே குரலில் சொல்வதால்தான் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது.

மிளகிலிருந்து தொடங்குகிறேன். ஷிராஸ் திராட்சையில் செய்த சில சிவப்பு ஒயின்களில் மிளகு மணப்பது உண்மை. அதற்குக் காரணமான ரொட்டன்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-ல் அடையாளம் காட்டினார்கள். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகிலும் அதே சேர்மம் இருக்கிறது, ஒயினில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்காக. ஆனாலும் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. முகர்ந்து பார்த்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் வரை கூட்டிக் கொடுத்தும் அந்த வாசனை தெரியவில்லை.

அந்த ஐந்தில் ஒருவனாகத்தான் நானும் இருக்க வேண்டும். ரசத்தில் மிளகின் காரமும் மற்ற மணமும் எனக்கு நன்றாகத் தெரியும். ஷிராஸை மோந்து பக்கத்தில் நிற்பவர் "மிளகு!" என்று முகம் மலரும்போது மட்டும் எனக்கு ஒன்றுமே வராது. பல வருடம் இதை என் உழைப்பில் இருக்கும் குறை என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது விருந்தினரிடம் "இதில் மிளகு உண்டு" என்று சொல்ல வேண்டியிருந்தால், என்னோடு வேலை செய்பவரின் மூக்கு சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். யாரும் அதற்காக என்னைக் குறைவாக நினைத்ததில்லை.

குடைமிளகாய் வாசனைக்கும் இப்படியே ஆதாரம் உண்டு. சாவின்யோன் பிளாங்க், கேபர்னே சாவின்யோன் போன்ற திராட்சைகளில் மெத்தாக்சிபைரசின் என்ற வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. பச்சைக் குடைமிளகாயை அரிந்தால் வரும் மணமும் அவற்றால்தான். காய் பழுக்கப் பழுக்க, கொத்தில் வெயில் பட அது குறைந்துகொண்டே வரும். நாசிக்கில் இதை வைத்தே எங்கள் பாடு. அங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபர் வாக்கில் மறு கவாத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. பிப்ரவரி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் பழத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறும், புளிப்பு சரியும். சீக்கிரம் பறித்தால் பச்சை வாசனை தூக்கலாக நிற்கும், பொறுத்தால் புளிப்பு போய்ச் சப்பென்றாகும். சர்க்கரையும் அமிலமும் எவ்வளவு என்று தினமும் லேபில் எடுத்துக் கொடுத்தது நான்தான். ஆனாலும் எங்கள் மேலாளர் விடிகாலையில் வரிசை வரிசையாக நடந்து, பழத்தைத் தோலோடு மென்று, விதையைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பறிக்கும் நாளைச் சொல்வார். என் எண்ணும் அவர் வாயும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத வருடம் அவர் பேச்சைக் கேட்டோம். அவர் சொன்னது சரியா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதே பழத்தை வேறு நாளில் பறித்துப் பார்க்க வழியில்லை. இந்தத் தொழிலில் பல முடிவுகள் இப்படித்தான், சோதிக்க முடியாமலே நின்றுவிடும்.

சில ஷார்டனே ஒயின்களில் சொல்லும் வெண்ணெய் மணம் டைஅசெட்டிலால் வருவது. திராட்சையின் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது அது உண்டாகிறது. வெண்ணெயில் இருப்பதும் அதுவே. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வயதாகிப் பெட்ரோல் வாடை வீசினால் அதற்கும் டி.டி.என். என்று பெயர் வைத்த சேர்மம் ஒன்று உண்டு. நமக்கு நெருக்கமான உதாரணம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மஸ்கட் குடும்பத்துப் பழங்களில் ஜெரானியால், லினலூல் போன்ற சேர்மங்கள் மிகுதி. ரோஜாவின் மணத்திலும் ஜெரானியாலுக்குப் பெரிய பங்கு. மஸ்கட் ஒயினுக்குப் பாடப்புத்தகத்தில் 'ரோஜா' என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, தேனியில் தள்ளுவண்டிக்காரர் கூவி விற்ற பெயர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் ஈரக்கல் அப்படியில்லை. கொடியின் வேர் பாறைக்குள் இறங்கி அதன் சுவையை உறிஞ்சிக் கொண்டுவருகிறது என்று விருந்தினர்களிடம் பல வருடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்த விளக்கம் தவறு. வேர் எடுப்பது பொட்டாசியம், கால்சியம் மாதிரி தண்ணீரில் கரைந்த சத்துகளை. பாறைக்கென்று ஒரு சுவையோ மணமோ கிடையாது, ஒயினில் மிஞ்சும் கனிமங்களின் அளவும் நாக்கு பிரித்தறியும் அளவுக்கு வருவதில்லை. வேல்ஸைச் சேர்ந்த நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல வருடமாக எடுத்துச் சொல்லிவருகிறார். அப்படியானால் 'கல்' என்று இத்தனை பேர் சொல்வது எதை? கூர்மையான புளிப்பு ஒரு காரணம் என்கிறார்கள். தீக்குச்சி உரசினால் வருவது போன்ற வாடை தரும் கந்தகச் சேர்மங்கள் என்கிறார்கள் சிலர். பழ வாசனை குறைவாக இருப்பதையே நாம் 'கல்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்பாரும் உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அந்தச் சொல்லை உவமையாகச் சொல்லலாம், காரணமாகச் சொல்லக்கூடாது என்பது என் நிலை.

இதை ஒட்டி ஒன்று. முதல் மழையில் எழும் மண்வாசனை நமக்கு எவ்வளவு பிடிக்கும்! அதில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற சேர்மத்துக்கு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. அதே ஜியோஸ்மின் ஒயினில் தெரிந்தால், அழுகிய கொத்துகள் உள்ளே போயிருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். தமிழில் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மண்வாசனை வீசும் ஒயின்' என்று பாராட்டி எழுதிவிடுகிறார்கள். லேப்காரனுக்கு அது புகார் போலக் கேட்கும்.

நீங்கள் பார்த்த சாய ஆய்வுக்கு வருகிறேன். அது நடந்தது உண்மை. போர்தோ பல்கலைக்கழகத்தில் மொரோ, புரோஷே, துபூர்தியே மூவரும் செய்து 2001-ல் வெளியிட்டது. முகர்ந்தவர்கள் 54 பேரும் ஒயின் தயாரிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், உங்கள் வயதுக்காரர்கள். முதலில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு ஒயினைக் கொடுத்து வருணிக்கச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளையையும், மணமற்ற சாயம் ஏற்றிய அதே வெள்ளையையும் வைத்து, இந்தச் சொல் இரண்டில் எதற்கு அதிகம் பொருந்தும் என்று கேட்டார்கள். சாயம் ஏற்றியதற்குச் சிவப்பு ஒயினுக்கான சொற்களே விழுந்தன. நிபுணத்துவம் என்று ஒன்றே இல்லை என்பதற்கு இது சான்றாகாது. கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால் போகும் என்பதற்குச் சான்று, அதுவும் வலுவான சான்று. என்னையும் அப்படி ஏமாற்றலாம். அதனால்தான் கவனமாகச் சோதிக்கிறவர்கள் லேபிளை மறைக்கிறார்கள், நிறம் தெரியாத கறுப்புக் கிளாஸ்கூட வைத்திருக்கிறார்கள்.

என்னை அதைவிட அதிகம் உலுக்கியது ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-ல் வெளியிட்ட ஆய்வு. கடலியல் பேராசிரியராக இருந்தவர், சொந்தமாக ஒயினும் செய்தவர். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், நடுவர்களுக்கே தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி மற்ற கிளாஸ்களோடு கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பதக்கத் தரம் கொடுத்தவர்கள் நடுவர்களில் பத்தில் ஒருவர் அளவுதான். அதே அளவு பேர் ஒரே ஒயினுக்கு வெண்கலமும் கொடுத்திருந்தார்கள், தங்கமும் கொடுத்திருந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து 91, 93 என்று பாட்டில் கழுத்தில் ஒட்டியிருக்கும் மார்க்கை நான் விருந்தினரிடம் எடுத்துப் பேசுவதில்லை. விலையும் இதே கதைதான். அமெரிக்காவில் லேபிளை மறைத்துக் கொடுத்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்து 2008-ல் பார்த்தபோது, பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடியது கூடுதலாகப் பிடிக்கவில்லை, சற்றுக் குறைவாகவே பிடித்தது. விலையைக் கேட்டு வெட்கப்படும் விருந்தினரிடம் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பத்துப் பன்னிரண்டு வாசனைகளை ஒரே மூச்சில் அடுக்குவதும் சந்தேகத்துக்குரியதே. டேவிட் லெய்ங் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் பல மணங்களைக் கலந்து கொடுத்துச் சோதித்தார். ஒரு கலவையில் மூன்று, மிஞ்சினால் நான்கு மணங்களுக்கு மேல் மனிதர்களால் பிரித்துப் பெயர் சொல்ல முடியவில்லை. வாசனைத் திரவியத் தொழிலில் இருந்தவர்களையும் வைத்துப் பார்த்தார்கள், அவர்களாலும் நான்கைத் தாண்ட முடியவில்லை. உங்கள் ஓட்டல்காரர் மூன்று சொன்னார். அந்த அளவில் அவர் நேர்மையாகவே இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் பயிற்சி எதைத் தருகிறது? கூரான மூக்கைத் தருவதில்லை. நியூசிலாந்தில் வெண்டி பார் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2002-ல் ஒயின் நடுவர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டார்கள். எவ்வளவு குறைந்த அளவில் மணம் தெரிகிறது என்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஒருமுறை முகர்ந்த மணத்தை மறுபடி வரும்போது 'இது முன்பு வந்ததுதான்' என்று கண்டுகொள்வதில் நடுவர்கள் மேலாக இருந்தார்கள். ஆகவே பயிற்சி தருவது ஞாபகமும், ஓர் ஒழுங்கும். என் அனுபவமும் அதுதான்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். கூட்டமான சனிக்கிழமை, மாலையிலிருந்து முப்பது பாட்டிலுக்கு மேல் திறந்திருப்பேன். ஒரு மேசையில் வயதான பெண்மணி, "இந்த ஒயினில் உயிரே இல்லையே" என்றார். நான் மோந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரம் காற்றுப் பட்டால் மணம் எழும்பிவிடும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். கிளாஸ் கழுவும் இடத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு சொட்டுக் குடிக்காதவன். அந்த மேசையிலிருந்து திரும்பி வந்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதுல நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குதே" என்றான். பின்கட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து மறுபடி மோந்தேன். நனைந்த சாக்கேதான். கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஒயினின் பழ மணத்தை அமுக்கி இப்படி ஆக்கிவிடும். புத்தகத்தில் நான் படித்த சொல் 'ஈரமான அட்டைப்பெட்டி'. அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்ததால் சாக்கை விட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு வேறு பாட்டில் திறந்தேன். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு என் குறிப்பேட்டில் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது பாதிச் சொற்கள் நான் முகர்ந்தே பார்த்திராத பழங்கள். கூஸ்பெர்ரி என்ற மேலைநாட்டுப் பழத்தைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு மூன்று வருடம் எழுதிக்கொண்டிருந்தேன். நமக்கு நெடி வேறு, வாடை வேறு, கவிச்சி வேறு, காறல் வேறு. அடிப்பிடித்ததும் ஊசிப்போனதும் பூஞ்சை பிடித்ததும் வேறு வேறு என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சுவையில் நமக்கு இன்னும் வசதி. தொடக்க வகுப்புகளில் வெளிநாட்டு மாணவர்கள் படாத பாடு படுவது கசப்பையும், திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் என்ற சேர்மத்தையும் பிரிப்பதில். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு நாக்கு சுரசுரக்கிறது, கசப்பு அப்படியில்லை. வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் நாவல்பழமும் தின்று வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். துவர்ப்பு என்று அறுசுவைக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறோம். விருந்தினரிடம் பேசும்போது அவருக்குப் புரியும் சொல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம். முகரும்போது உங்கள் வீட்டுச் சொல் வரட்டும்.

குடிக்காமல் படிக்க முடியுமா என்பதற்கும் நேராகச் சொல்கிறேன். தொழில்முறையில் சுவைக்கிறவர்கள் துப்பிவிடுவார்கள், நானும் வேலை நேரத்தில் விழுங்குவதில்லை. ஆனால் புளிப்பும் துவர்ப்பும் வாயில் வைத்தால்தான் தெரியும், துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அது உங்கள் மனசுக்கோ வீட்டுக்கோ ஒவ்வாது என்றால் இந்த வேலைக்குள் வராதீர்கள், ஓட்டல் தொழிலில் மதிப்பான வேலைகள் வேறு நிறைய இருக்கின்றன. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்குப் பயிற்சிக்கு மட்டும் ஒயினே வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980-களில் வாசனைச் சக்கரம் ஒன்றை அமைத்தார். 'நளினமானது', 'கம்பீரமானது' மாதிரிச் சொற்களுக்கு அதில் இடம் கொடுக்காமல், கையில் எடுத்து முகரக்கூடிய பொருள்களின் பெயர்களையே வைத்தார். குடைமிளகாய் என்றால் ஒரு துண்டை மணம் அதிகமில்லாத சாதாரண ஒயினில் போட்டு வைத்து முகர்வது அந்த முறை. உங்களுக்குத் துண்டை அப்படியே முகர்ந்து மனசில் ஏற்றிக்கொண்டாலே போதும். விலை கூடிய வாசனைக் குப்பிப் பெட்டியை இப்போது வாங்காதீர்கள். உங்கள் அம்மாவின் சமையலறையில் கிராம்பு, ஏலம், பட்டை, வெண்ணெய், காய்ந்த எலுமிச்சைத் தோல், கொய்யா, வெல்லம் எல்லாம் இருக்கும்.

இதில் உங்களுக்குக் கைவருமா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இரண்டு கம்பெனியின் திராட்சைச் சாறு வாங்கி வாருங்கள். தம்பியோ தங்கையோ உங்களுக்குத் தெரியாமல் ஒரே மாதிரியான மூன்று டம்ளரில் ஊற்றட்டும், இரண்டில் ஒரு சாறு, ஒன்றில் மற்றது. விளக்கை மங்கலாக்கி, எது ஒற்றை என்று சொல்லுங்கள். ஊற்றும் வரிசையை மாற்றி மாற்றிப் பத்து முறை. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்று நான்கு சரியாக வந்துவிடும், அதனால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏழோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தால் வருவதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்புத்தான். நாசிக்கில் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் இதையே ஒயினில் வைத்தார், எனக்கு நான்கு வந்தது. எட்டு வர ஐந்து மாதம் ஆனது. முடிவு என்ன வந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஜலதோஷம் இருக்கும் வாரத்தில் செய்யாதீர்கள்.